மாடியில் இடமில்லை

நான் பொய்யே சொல்லாதவள் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அவரை நம்பாதீர்கள். நிறையச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரே வீட்டுக்காக இரண்டு பொய் சொன்னது ஒரே ஒரு தடவைதான். அந்த வீட்டின் உயரம் மூன்றடி. முதல் பொய்யைச் சாமியாரின் கோயிலில் வைத்தே சொன்னேன். இரண்டாவதை ஆறு வயதுப் பிள்ளையிடம் சொன்னேன். அப்போது எனக்குப் பத்து வயது.

ஓசூரிலிருந்து மாட்டு வண்டியில் ஒரு மணி நேரத் தூரத்தில் எங்கள் ஊர் இருந்தது. அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் அப்பா சமையல் வேலை பார்த்தார். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷமாகியும் எங்கள் துரைக்கு மட்டும் அந்த ஊர்க் குளிரை விட்டுப் போக மனசு வரவில்லை. கடைசியில் அவரும் மூட்டை கட்டினார். புறப்பட்ட அன்று துரைசாணி அம்மாள் அப்பாவைக் கூப்பிட்டு, தன் மகள் விளையாடிய பொம்மை வீட்டை, "உன் பொண்ணுக்கு" என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். பொம்மைகளை மட்டும் அந்த மகள் கப்பலுக்கு எடுத்துப் போய்விட்டாள். ஆக எனக்குக் கிடைத்தது ஆளில்லாத வீடு.

ஆளில்லாவிட்டால் என்ன? வீடென்றால் அதுதான் வீடு. முன்பக்கச் சுவர் பீரோ கதவு மாதிரி இரண்டாகத் திறக்கும். கீழே கூடமும் குசினியும். அங்கிருந்து பதினோரு படி ஏறினால் மாடி. மாடியில் ஓர் அறை. அதில் என் உள்ளங்கை நீளத்துக்கு ஓர் இரும்புக் கட்டில். உள்ளும் வெளியும் சுவரெல்லாம் நீலப் பூப்போட்ட காகிதம். சன்னல்களில் நிஜக் கண்ணாடி. நாங்கள் இருந்த ஓட்டு வீட்டில் அறையே ஒன்றுதான். மழை பெய்தால் அதிலும் பாதிதான். ஊரில் மாடி என்ற ஒன்று எனக்கு மட்டும்தான் இருந்தது. அதை நினைத்து நான் கர்வப்பட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட வந்து சேர்ந்தாள் சித்தப்பா மகள். சித்தப்பாவுக்குக் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை. சித்தி பிரசவத்துக்குப் போன இடத்தில் படுத்த படுக்கையாகிவிட்டதால், "ஒரு மாசத்துக்குப் பாத்துக்கங்க" என்று பிள்ளையை எங்கள் வீட்டில் விட்டுப் போனார். ஒரு மாசம் நாலு மாசமாகி நின்றது. அவள் என் பாயில் படுத்தாள், என் போர்வையை இழுத்தாள், என் சீப்பில் தலை வாரினாள். கையில் எப்போதும் ஒரு கந்தல் பொம்மை. பழைய துணியைச் சுருட்டி, நூலால் கழுத்துக் கட்டி, கரியால் கண் வைத்தது. சித்தி செய்து கொடுத்ததாம். விளக்கெண்ணெய் நாற்றம் அடிக்கும்.

தினமும் சாயங்காலம் அவள் பொம்மை வீட்டுக்கு முன்னால் வந்து குத்தவைத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"அக்கா, எம் பாப்பா மாடில படுத்துக்கட்டுமா?"

"எடமில்ல."

"கட்டில் சும்மாதான கெடக்குது?"

"எடமில்லன்னா எடமில்ல. போ அந்தண்ட!"

அவள் அழ மாட்டாள். அழுதிருந்தால் அம்மாவிடம் மாட்டிக்கொண்டிருப்பேன். பொம்மையைத் தோளில் சாய்த்துத் தட்டிக் கொடுத்தபடி எழுந்து போய்விடுவாள். மறுநாள் சாயங்காலம் ஒன்றுமே நடக்காதது மாதிரி வந்து மறுபடி கேட்பாள். என்ன அழுத்தம் பாருங்கள்!

துரை போன பிறகு அப்பா எங்கள் மாதா கோயில் சாமியாருக்குச் சமைக்கப் போனார். சாமியார் பிரான்சு தேசத்துக்காரர். தாடி வயிறு வரை தொங்கும். தங்கமான மனுஷர். அவருடைய தமிழைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான்; எந்த இடத்தில் எது வரும் என்று அவருக்கே தெரியாது. குறில் நெடில் எல்லாம் அவரவர் அதிர்ஷ்டம். "பிள்ளைகளைப் பல்லிக்கு அனுப்புங்கள்" என்பார். நாங்கள் பள்ளிக்குப் போவோம். சேசுநாதர் மழைமேல் ஏறிப் பிரசங்கம் செய்தார் என்பார். மலைதான் என்று பெரியவர்களுக்குப் புரியும். வருஷத்துக்கு நாலு தடவையாவது, "வீடு தேடி வருகிறவர்களை அன்போடு ஏற்றுக் கொல்லுங்கள்" என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்வார். யாரும் சிரித்ததில்லை. பழகிவிட்டது. போதாததற்குக் கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் எங்கள் உபதேசியார், முறுக்கின மீசையும் கக்கத்தில் குடையுமாகப் பூசை முடிந்ததும் அவரிடம் போய், "இன்னிக்குப் பிரசங்கம் தேனுங்க சாமி" என்று வாராவாரம் சொல்லிவைப்பார். பாவம், மனுஷர் நம்பிவிட்டார்.

அந்த வருஷம் டிசம்பர் பிறந்ததும் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் பிரச்சினை எழுந்தது. பழைய குடிலைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. போன வருஷம் பூசை நடுவிலேயே அது சரிந்து விழுந்து, சுரூபச் சிலைகளில் மாட்டுக்கு ஒரு கொம்பு போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாமியார் அதைப் பற்றிப் பேசினார்.

"இந்த வருஷம் நமக்குப் புதுக் கோட்டை வேண்டும். நல்ல பெரிய கோட்டை. சேசு பாலன் பிறந்தது ஓர் ஏழைக் கோட்டையில்!"

மாட்டுக் கொட்டாய் என்கிறார் என்று எல்லாருக்கும் புரிந்தது. எங்கள் பக்கம் மாடு கட்டினாலும் கொட்டாய்தான், சினிமா காட்டினாலும் கொட்டாய்தான். எனக்கும் புரிந்தது. இதை நான் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

அன்றைக்கு மத்தியானம் அப்பா சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். என்னைக் கேட்காமலேயே என் வீட்டைக் குடிலுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"அறை ஒண்ணொண்ணும் ஓரடிதான் இருக்குது. சுரூபம் ஒன்றரையடி. மாடிய அறுத்து எடுத்துட்டு, மேல வைக்கோல் போட்டம்னா அசல் கொட்டாய் ஆயிரும்."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. "மாடிய அறுக்கறதா? அது என் வூடு!"

"சாமிக்குத்தான பாப்பா குடுக்கறோம்."

"ஏன், சாமிக்கு மாடி வேணாமாமா?"

"வாய்க்கொழுப்பு பாரு இதுக்கு!" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். அப்பா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மாடித் தளத்துக்குக் கொஞ்சம் கீழே வீட்டைச் சுற்றி ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு நீலப் பூக்களின் நடுவில் போனது. அன்று ராத்திரி சோறு வேண்டாமென்று படுத்தேன். யாரும் எழுப்பவில்லை. காலையில் பசி தாங்காமல் ரெண்டு களி உருண்டை தின்றேன்.

மறுநாள் வண்டியில் வீடு கோயிலுக்குப் போயிற்று. கோயில் பின்னறையில் ஆச்சாரி ரம்பத்தைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஆனேக்கல் பக்கத்து ஆள், கன்னடக்காரர். ஊர்த் தமிழ் பாதி புரியும், மீதியைக் கன்னடத்தில் நிரப்பிக்கொள்வார். வீட்டைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "அச்சா தேக்கு! இத அறுக்க மனசு பருதில்லே பாப்பா" என்று, மனசு வரவில்லை என்பதைத் தன் பாஷையில் முனகினார்.

அந்த நிமிஷம்தான் எனக்குள் பிசாசு புகுந்தது.

"இத யாரு அறுக்கச் சொன்னது? சாமியார் கோட்டை கட்டணும்னுதான் சொன்னாரு. நேத்துக் கோயில்ல எல்லாரும் கேட்டாங்க."

கன்னடத்தில் கோட்டைக்குக் கோட்டே என்றுதான் பேர். ஆச்சாரிக்கு அது மட்டும் சுத்தமாகப் புரிந்தது. ஆனாலும் ஜாக்கிரதையான ஆள். வெளியூர்க் கோயில்களுக்குப் புறப்பட வண்டியில் ஏறிக்கொண்டிருந்த சாமியாரிடமே ஓடிப்போய்க் கேட்டார்.

"சுவாமி, கோட்டேனா?"

"ஆமா ஆமா, கோட்டே! பெரிய கோட்டே!" என்று சாமியார் வண்டிக்குள்ளிருந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். தன் வார்த்தையை ஒருத்தர் இவ்வளவு சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டாரே என்று அவருக்கு ஏக சந்தோஷம். வண்டி போய்விட்டது. இனி அவர் திரும்புவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான்.

"ஆயித்து" என்று ஆச்சாரி ரம்பத்தை ஓரமாக வைத்தார்.

அப்புறம் எங்களைப் பிடிக்க முடியவில்லை. டீத்தூள் பெட்டிப் பலகையில் ஆச்சாரி கோட்டைச் சுவருக்குப் பல் பல்லாக வெட்டி, கூரையைச் சுற்றி அடித்தார். நான் செம்மண்ணும் சுண்ணாம்பும் குழைத்துச் சுவர்களுக்குப் பூசினேன். கிருஷ்ணகிரி மலைமேல் இருக்கிற கோட்டையை ஒரு தடவை பஸ்ஸிலிருந்து பார்த்திருந்தேன்; அந்த ஞாபகத்தில் வீட்டுக்கு அடியில் கல்லடுக்கி மலையும் செய்தேன். அட்டையில் ஆறு சிப்பாய்களை வரைந்து வெட்டி, ஈட்டி கொடுத்து மேலே நிறுத்தினேன். எல்லாருக்கும் உபதேசியாரின் மீசை வைத்தேன். ஒருத்தனுக்கு மட்டும் கக்கத்தில் குடையும் வைத்தேன். அது தேவையில்லாத வேலைதான். ஆனால் கை கேட்கவில்லை.

கோட்டை கட்டியாகிவிட்டது. சுரூபங்களை எங்கே வைப்பது? உள்ளே அவை நுழையாது. நுழைந்தாலும் நான் விட்டிருப்பேனோ என்னவோ. மாதாவையும் சூசையப்பரையும் ஒற்றைக் கொம்பு மாட்டையும் கோட்டை வாசலுக்கு வெளியே, நாலு குச்சி நட்டு ஓலை போட்டு, அதன் கீழே நிறுத்தினேன். நடுவில் பாலன் படுக்கிற தீவனப் பெட்டி. பாலன் சுரூபத்தை ராப்பூசையில்தான் வைப்பார்கள். அதுவரை பெட்டியில் வைக்கோல் மட்டும். தட்டுகளில் கேழ்வரகு முளைக்கப் போட்டிருந்தோம். அது பச்சைப் பசேலென்று வளர்ந்து புல்தரையானது. சித்தப்பா மகள் அதற்குத் தினமும் தண்ணீர் தெளித்தாள். ஒவ்வொரு நாளும் தெளித்து முடித்ததும் மாடியைப் பார்ப்பாள். "எடமில்ல, சிப்பாய்ங்க இருக்காங்க" என்பேன். அப்பாவுக்குக் கிறிஸ்துமஸ் பலகாரத்தில் தலை நிமிர நேரமில்லை. கேட்டபோதெல்லாம், "ஆச்சாரி வேல நடக்குதுங்கப்பா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே!

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் சாமியார் வந்து சேர்ந்தார். குடில் பீடத்துக்குப் பக்கத்தில் பழைய படுக்கை விரிப்பால் மூடியிருந்தது. பாட்டுக்காரப் பெண்கள், உபதேசியார், அப்பா, ஆச்சாரி, நாங்கள் இரண்டு பேர் எல்லாரும் நின்றோம். சாமியார் தாமே விரிப்பை இழுத்தார். அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"இது என்ன?" என்றார் சாமியார்.

"கோட்டேங்க சுவாமி" என்றார் ஆச்சாரி பெருமையாக.

"இது கோட்டை இல்லையே! நான் கேட்டது கோட்டை. இது... இது கோட்டை!"

அவருக்கு இரண்டும் ஒரே சத்தம். பாட்டுக்காரப் பெண்களில் ஒருத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். சாமியார் தடுமாறி உபதேசியார் பக்கம் திரும்பினார். "நான் சொன்னது என்ன?"

"சாமி சொன்னது சரிதானுங்க."

"அப்படியென்றால் இவர்கள் கட்டியது தப்பா?"

"அதுவும் சரிதானுங்க சாமி" என்ற உபதேசியாரின் கண் அப்போதுதான் குடை வைத்த சிப்பாயின் மேல் போய் நின்றது.

நான் அத்துடன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அந்தச் சமர்த்து எந்தக் காலத்தில் இருந்தது? முன்னால் வந்து, "தோத்திரம் சாமி" என்று கும்பிட்டு, "நீங்க கொட்டாய்ன்னு சொல்ல வந்தா கோட்டைன்னு வருதுங்க. அதான் கோட்டை கட்டிட்டோம்" என்றேன்.

அவர் குனிந்து என் வாயையே பார்த்தார். இரண்டையும் மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். "வேறு என்ன எனக்குத் தப்பாக வருகிறது?" என்று மெதுவாகக் கேட்டார். கேட்டால் சொல்லாமல் இருப்பேனா? பல்லியைச் சொன்னேன், மழையைச் சொன்னேன். கடைசியாக, "வூட்டுக்கு வர்றவங்களை ஏத்துக் கொல்லச் சொல்றீங்க சாமி. நாக்க மடிச்சு மேல தட்டணும். கொள், கொள்" என்று பாடமே நடத்தினேன். பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்கள். அப்பா என்னைக் கண்ணாலேயே தோலுரித்தார். சாமியாரின் காது இரண்டும் சிவந்துவிட்டது. தாடியைத் தடவிக்கொண்டார்.

"இத்தனை நாள் யாரும் என்னிடம் சொல்லவில்லை" என்றார். பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தார். "ஆனால் நீ... நான் சொல்ல வந்தது கொட்டாய் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது நீதானே சொன்னாய்?"

கையும் களவுமாக என் வாயே என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டது. அடி ஆத்தி!

"ஆச்சாரி, ரம்பம் எங்கே? ராத்திரிக்குள் மாடியை எடுத்துவிடும்" என்றார் சாமியார்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஆச்சாரி அரைமனசாக ரம்பத்தைக் கொண்டுவந்து, பூச்சுக்கு அடியில் அப்பா போட்ட கோடு இருந்த இடத்தில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். செம்மண் பூச்சு உதிர்ந்து, உள்ளே இருந்த நீலப் பூ தெரிந்தது. நான் ஓவென்று அழுதுவிட்டேன். மரத்தூள் விழாமல் இருக்கட்டும் என்று சாமியார் தீவனப் பெட்டியை ஓலைக்கு அடியிலிருந்து இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பெட்டியில் கந்தல் பொம்மை படுத்திருந்தது. வைக்கோலைக் கழுத்துவரை போர்த்தியிருந்தது.

"இதை இங்கே யார் வைத்தது?"

சித்தப்பா மகள் அப்பாவின் வேட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "நானுங்க சாமி. அக்கா வூட்டுல எடமில்லன்னு சொல்லிருச்சுங்க. தெனம் கேட்டேன். தெனமும் எடமில்லன்னுச்சு. இந்த மாட்டுப் பொட்டிதான் காலியா இருந்துச்சு."

ரம்பம் நின்றது. எல்லாரும் முதலில் பொம்மையைப் பார்த்தார்கள். அப்புறம் சன்னல் வழியாக, மாடியில் காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை அப்படியே நின்றுபோயிற்று. ஞானோபதேச வகுப்பில், பிள்ளைத்தாய்ச்சி மாதாவை இடமில்லை என்று திருப்பி அனுப்பிய பெத்லெம் சத்திரத்துக் கதையை மூச்சு விடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். இப்போது அந்தச் சத்திரத்துக்காரியாக நின்றேன். வெட்கமென்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாமியார் பீடத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு தாடி குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரம்பம் வேண்டாம் ஆச்சாரி. மாடி இருக்கட்டும். சத்திரம் இல்லாமல் பெத்லெம் ஏது?" என்றார். என் மாடி பிழைத்தது. பிழைக்க வைத்தது யார் என்று நினைத்துப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

என்னைச் சும்மா விடவில்லை அவர். பக்கத்தில் கூப்பிட்டு, காதில் ஒரு வேலை சொன்னார். ஓர் அட்டையில் என் கையெழுத்திலேயே 'சத்திரம். இடமில்லை' என்று எழுதி மாடிச் சன்னலில் நானே மாட்டினேன். சிப்பாய்களை இறக்கிவிட்டோம். குடைச் சிப்பாயை உபதேசியார் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ராப்பூசையில் சித்தப்பா மகள் என் மடியில் தூங்கிப்போனாள். பிரசங்கத்தில் சாமியார், "வீடு தேடி வருகிறவர்களை அன்போடு ஏற்றுக்..." என்று சொல்லி நிறுத்தினார். நாக்கை மடிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "கொள்ளுங்கள்" என்றார். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து கல்யாணமாகிப் போகிறவரைக்கும் அந்த ஊரில் என் பேர் சத்திரத்துக்காரிதான்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து வீடு வண்டியில் திரும்பி வந்தது. பல்லுப் பல்லான கோட்டைச் சுவரோடும், சுவரில் ஒரு ரம்பக் கீறலோடும், சன்னலில் தொங்கிய அட்டையோடும் வந்தது. அட்டையைக் கழற்ற மறந்துவிட்டிருந்தார்கள். சாயங்காலம் சித்தப்பா மகள் வழக்கம்போல முன்னால் வந்து குத்தவைத்தாள். பொம்மையின் தலையில் இன்னும் வைக்கோல் ஒட்டியிருந்தது. அன்றைக்கு அவள் கேட்கவில்லை. கேட்பாள் கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். கேட்கவே இல்லை. பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் எழுத்துத் தெரியாது.

"அதுல என்னக்கா எழுதிருக்குது?" என்றாள்.

"எடம் இருக்குதுன்னு எழுதிருக்குது" என்றேன்.

அவள் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பொம்மையை ஒவ்வொரு படியாகப் பதினோரு படியும் ஏற்றிக் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்தாள்.